மீனுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கயிறு

நான் முதன்முதலில் பார்த்த சினிமா ஓர் இங்கிலீஷ் சினிமா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இங்கிலீஷ் படம் பார்த்தேன் என்றால் பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள். நான் மட்டுமா பார்த்தேன்? என் மாமியாரும் எதிர்வீட்டு மாமியும் கூட வந்தார்கள். மாமியார் கையில் கற்பூரத் தட்டு இருந்தது, மாமி கையில் துளசி மாலை இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். வாயால் சொல்லி முடிக்க எனக்கு வராது. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் பாதியிலேயே பேச்சு நின்றுவிடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருங்காபுரிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தேன். புகுந்த வீட்டில் கயிற்றுக் கடை. தெருப்பக்கம் கடை, பின்னால் வீடு. கிணற்றுக் கயிறு, பந்தல் கயிறு, மாட்டுக் கயிறு, ஊஞ்சல் கயிறு என்று சுருள் சுருளாகத் தொங்கும். மாமனார் காலமாகிவிட்டதால் கடைக்கு எஜமானி என் மாமியார்தான். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகன் சரக்கு வாங்க அலைவார். திரித்து வருகிற கயிற்றைச் சுருட்டி வைப்பது என் வேலை.

அந்த வேலையில்தான் தினமும் திட்டு வாங்குவேன். எங்கள் ஊரில் மாடு கட்டி இறைக்கிற கமலை வடத்தை, இறைத்து முடித்ததும் கிணற்று மேட்டிலேயே குவித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி இல்லை. கயிற்றை வலமாகத்தான் சுருட்ட வேண்டும். வளையத்தின் மேல் வளையம் அலுங்காமல் உட்கார வேண்டும்.

"சன்னதிய சுத்துற மாதிரி சுத்தும்மா. இடமா சுத்தினா அவுக்குறப்ப சிக்கிக்கும். வாங்கிட்டுப் போறவன் என்னையில்ல திட்டுவான்?" என்பார் அத்தை. நான் சுருட்டியதை அவிழ்த்து ஒரு உதறு உதறுவார். "மருங்காபுரில கயித்த எல்லாம் பாம்பு படுத்த மாதிரிதான் போடுவீங்களோ?"

நான் மறுபடி சுருட்டுவேன்.

எனக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. சினிமா பார்க்க வேண்டும். சின்ன வயதில் எங்கள் ஊருக்கு இரண்டு மைலில் ஒரு டென்ட் கொட்டகை வந்தது. அப்பா கூட்டிப்போகவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு மட்டும் கேட்கும். கல்யாணமானால் திருச்சிக்குப் பக்கம் போகிறோம், அங்கே கொட்டகைகள் நிறைய என்று அந்த ஆசையோடுதான் தாலி கட்டிக்கொண்டேன் என்று கூடச் சொல்லலாம். வந்த பிறகுதான் தெரிந்தது, அத்தைக்குச் சினிமா என்றாலே ஆகாது. ஒரு காலத்தில் யாரோ பக்திப் படம் என்று சொல்லி அழைத்துப் போய், அங்கே ஒருத்தி இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடினாளாம். வீட்டுக்கு வந்து தலைமுழுகினாராம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். தட்டுவண்டியில் சினிமா விளம்பரப் பலகை வந்தது. முன்னால் ஒருவன் தப்பட்டை அடித்துக்கொண்டு போனான். எங்கள் கடை வாசலில் வண்டி சக்கரம் ஏதோ மக்கர் பண்ணி நின்றது. பலகையில் கடல். கடலை விடப் பெரிதாக ஒரு மீன். சின்னதாக ஒரு படகு. படகில் தாடி வைத்த ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மீனிலிருந்து படகு வரைக்கும் ஒரு கயிறு. எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

அத்தை கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மச்சாவதாரம்!"

எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். மாமி கோயில் கைங்கரியக் குடும்பம். ஆனாலும் அத்தையோடு தினம் நாலு வார்த்தை பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"ஆமாம்மா! ராஜரிஷி ஓடத்துல நிக்கறார், பெருமாள் மத்ஸ்ய ரூபத்துல இழுத்துண்டு போறார். உபன்யாசத்துல கேட்டோமே, அப்படியே இருக்கே!"

உபன்யாசத்தை நானும் கேட்டிருந்தேன். பிரளயம் வந்தபோது பகவான் மீனாக வந்து, ராஜரிஷி எல்லா உயிரையும் ஏற்றிக்கொண்ட ஓடத்தை வாசுகிப் பாம்பைக் கயிறாகக் கட்டி இழுத்துக் காப்பாற்றிய கதை. எனக்கும் அதுவாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணை ஒன்று உறுத்தியது. மெதுவாக, "அத்தை, ரிஷி பூட்ஸ் போட்டிருக்காருங்க" என்றேன்.

"வெள்ளக்காரன் எடுத்தா அவன் ஊரு உடுப்புலதான் எடுப்பான். நம்ம ஊர்ல வரையறவன் பெருமாளுக்கு நம்ம ஊரு பட்டு வேட்டி கட்டலையா?"

"வாசுகி?" என்றார் மாமி.

"வெள்ளக்காரனுக்கு வாசுகி எங்க கிடைக்கும்? கயித்த வச்சு சமாளிச்சிருக்கான். நல்ல தடிமனாத்தான் போட்டிருக்கான்" என்றார் அத்தை. குரலில் ஒரு மெச்சுதல் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர் மகனிடம் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம், மாமியும் வருகிறார், மூன்று பேரும் போகிறோம் என்றார். என் வீட்டுக்காரர் கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்தார். "அம்மா, அந்தப் படம் வந்து..." என்று ஆரம்பித்தார். அப்போது நான் மோர்ச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அவர் ஒரு பார்வை பார்த்தார். சோற்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"வந்து என்ன?" என்றார் அத்தை.

"வந்து... பஸ்சுல கூட்டமா இருக்கும். சீக்கிரமே கிளம்பிடுங்க."

அத்தை என் பக்கம் திரும்பினார். "உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இது சாமி படமா இல்லாம வேற ஏதாவதா இருந்துச்சு, அதோட சரி. இந்த ஜென்மத்துக்கு இந்த வீட்டுல சினிமாங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகு ஞாயிறு வரை வேறு நினைப்பே இல்லை. பெருமாளே, நீங்கள்தான் வர வேண்டும், மீனாகவே வாருங்கள் என்று வேண்டிக்கொண்டே கயிறு சுருட்டினேன். அந்த வாரம் சுருட்டியதெல்லாம் கோணல்.

ஞாயிறு காலை தலைக்குக் குளித்து, பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போனோம். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் தட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மாமி கையிலிருந்த சொம்புத் தண்ணீரையும் பார்த்தார்.

"என்னங்கம்மா இது?"

"பெருமாளுக்கு" என்றார் அத்தை.

"இந்தப் படத்துக்கா?"

"ஏன், மீன் வருதுல்ல?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வருதுங்க. முதல்ல வராது. போகப் போகப் பெரிசா வரும்."

"வர்றப்ப காட்டிக்கிறோம். நீங்க ஒத்திக்கணும்னா வந்து ஒத்திக்கங்க."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன்.

பெண்கள் பகுதி அரைச் சுவர் வைத்துத் தனியாக இருந்தது. இங்கிலீஷ் படம் என்பதால் அங்கே எங்களைத் தவிர சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்கிற ரயில்வேக் காலனி ஆங்கிலோ இந்தியப் பெண்கள் நாலைந்து பேர்தான். விளக்கு அணைந்ததும் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய பாய்மரக் கப்பல் வந்தது. நான் கடல் பார்த்ததில்லை. இவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் சும்மா கிடக்கிறதா என்று எனக்கு எங்கள் ஊர்க் கொல்லையெல்லாம் கண்ணில் வந்தது. தாடிக்காரர் துறைமுகத்தில் ஒரு பெண்ணிடம் விடைபெற்றார். விடைபெற்ற விதத்தில் அத்தை சட்டென்று என் கண்ணைப் பொத்தினார்.

"ரிஷிபத்தினி" என்றார் மாமி, சமாதானமாக.

கப்பலில் ஒரு சமையல்காரன் ஆடு வளர்த்தான். "எல்லா உயிரையும் ஏத்திக்கிட்டாருல்ல, அதுல இது ஒண்ணு" என்றார் அத்தை. மாலுமிகள் குவளை குவளையாக எதையோ குடித்துவிட்டுப் பாடினார்கள். அதற்கு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மாமி, "தீர்த்தமா இருக்கும்" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

நல்ல வேளையாகப் புயல் வந்தது. அலை கப்பல் உயரத்துக்கு எழும்பியது. "பிரளயம்!" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது.

புயல் ஓய்ந்தது. கொடிமரத்து உச்சியில் இருந்தவன் கையை நீட்டிக் கத்தினான். தண்ணீர் கருத்தது, பிளந்தது, மீன் எழும்பியது. அப்பா! கோயில் யானைகளை வரிசையாக நிறுத்தினாலும் அதில் பாதி தேறாது. அது வானத்தில் ஒரு கணம் நின்று, புரண்டு விழுந்தது. மாமி, "எம்பெருமானே!" என்று எழுந்து நின்று மாலையைத் திரையை நோக்கி வீசினார். அது முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சட்டைக்காரம்மா மடியில் விழுந்தது. அத்தை தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்தை ஏற்றினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இருட்டில் கற்பூர வெளிச்சம் தெரிந்ததும் ஆண்கள் பகுதியில் எல்லாரும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே சின்னப் படகில் நின்றவன் நீளமான ஈட்டியை ஓங்கி மீன் மேல் எறிந்தான்.

அது முதுகில் குத்திக்கொண்டு நின்றது.

"அபசாரம்!" என்று மாமி காதைப் பொத்திக்கொண்டார். "அபசாரம், அபசாரம்! பெருமாள் மேல ஈட்டியா! பகவத் விஷயம்னு சொன்னியேம்மா! மீன் பிடிக்கிறவா கதைன்னா இது!" சொம்பை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று வெளியே போய்விட்டார். வாசல் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அத்தை தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கற்பூரம் தானாக அணைந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இனி பார்க்கப் போகும் சினிமா இவ்வளவுதான், இருக்கிற வரை பார்த்துக்கொள்வோம் என்று திரையையே பார்த்தேன். கண்ணில் நீர் முட்டியதால் மீன் இரண்டாகத் தெரிந்தது.

ஈட்டியின் அடியில் கயிறு கட்டியிருந்தது. மீன் ஓட ஆரம்பித்ததும் கயிறும் ஓடியது. படகுக்குள் ஒரு மரத்தொட்டி. அதற்குள் கயிறு சுருட்டி வைத்திருந்தார்கள். வளையத்தின் மேல் வளையம், ஒரு மயிரிழை கூட விலகாமல். ஒவ்வொரு வளையமாகக் கழன்று, பின்னாலிருந்த ஒரு கட்டையைச் சுற்றிக்கொண்டு, படகின் மூக்கு வழியாகப் பாய்ந்து போனது. எங்கும் சிக்கவில்லை.

அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏ, பாத்தியா? வலமா சுத்தியிருக்கான்."

நான் தொட்டியைப் பார்த்தேன்.

"வெள்ளக்காரனும் வலமாத்தான் சுத்தியிருக்கான், பாரு! சிக்கினா ஆளை இழுத்துக்கிட்டுப் போயிடும்ல? அதான். நான் தினம் தொண்டை கிழியக் கத்துறேனே, ஏன்னு இப்பத் தெரியுதா?"

கயிறு இன்னும் வேகமாக ஓடியது. அது சுற்றியிருந்த கட்டையிலிருந்து லேசாகப் புகை கிளம்பியது. அத்தையின் அப்பா கொள்ளிடக் கரையில் மரம் இறக்குகிறவர். கட்டையில் கயிற்றைச் சுற்றிப் பெரிய மரங்களைச் சரிவில் விடுவார்களாம். பக்கத்தில் ஒருத்தர் குடத்தோடு நிற்பாராம். இல்லையென்றால் உரசுகிற சூட்டில் கயிறு கருகி அறுந்துவிடும். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை பெஞ்சை விட்டு எழுந்து நின்றதுதான்.

"டேய், தண்ணி ஊத்துங்கடா! கயிறு கருகுது! தண்ணிய ஊத்துங்கடா!"

கொட்டகை முழுவதும் கேட்டது. அடுத்த நொடி, சத்தியமாக, படகில் இருந்த ஒருவன் தன் தொப்பியில் கடல் தண்ணீரை மொண்டு கயிற்றில் ஊற்றினான்.

ஆண்கள் பகுதியில் விசில் பறந்தது. "ஆத்தா சொன்னா ஊத்திட்டான்யா!" என்று ஒருவர் கத்தினார். "ஆத்தா, அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க!" என்றார் இன்னொருவர். துளசி மாலையை மடியில் வைத்திருந்த சட்டைக்காரம்மா திரும்பி அத்தைக்குக் கை தட்டினார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. உட்காரவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடையில் சரக்கு இறங்குவதைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

மீன் படகை இழுத்துக்கொண்டு ஓடியது. அலைக்கு மேல் படகு தாவித் தாவிப் போனது. தொட்டியில் கயிறு தீர்ந்துகொண்டே வந்தது. கடைசி வளையம் தெரிந்ததும் தாடிக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கோடரியை எடுத்து ஒரே போடாகக் கயிற்றை வெட்டினார். மீன் ஈட்டியை உதறிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

"அடப்பாவி, அம்புட்டு நல்ல கயிறு!" என்றார் அத்தை.

பின்னாலிருந்து, "பெருமாளைக் கயித்தாலே கட்டிப் பிடிக்க முடியுமோ?" என்று ஒரு குரல் வந்தது. மாமி வாசல் திரையை ஒதுக்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. முகம் மலர்ந்திருந்தது. "தப்பிச்சுட்டார் பாத்தேளா! அவன் என்ன எறிஞ்சாலும் அவர் தப்பிச்சுடுவார்!"

படம் முடிந்து வெளியே வந்தபோது டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டார். "சாமி வந்தாருங்களா அம்மா?"

"வந்தாரு, போனாரு" என்றார் அத்தை. "படம் இன்னும் எத்தனை வாரம் ஓடும்?"

"அடுத்த ஞாயிறும் உண்டுங்க."

அவ்வளவுதான் பேச்சு. பஸ்சில் மாமி மட்டும் பேசிக்கொண்டே வந்தார். சாமி படமா, வேறு படமா, என்ன தீர்ப்பு என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாலத்தில் பஸ் ஏறியதும் அத்தை கேட்டார்.

"கொல்லையில அந்தப் பழைய மரத்தொட்டி இருக்கா, விறகுக்குப் போட்டுட்டமா?"

"இருக்குங்க அத்தை."

"ம்."

மறுநாள் அந்தத் தொட்டியைக் கழுவிக் காய வைத்து, அதற்குள் கயிறு சுருட்டச் சொன்னார். அடியிலிருந்து விளிம்பு வரை. முதல் தடவை வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. நுனியைப் பிடித்து அத்தை தெரு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். கயிறு வளையம் வளையமாகக் கழன்று வந்தது, எங்கும் நிற்கவில்லை. அவர் அதை உதறவில்லை, திட்டவும் இல்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றபடி, "வந்து பாருங்க மாமி, எங்க வீட்டு மருமக சுத்தினது" என்றார்.

சனிக்கிழமை மகனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தப் படத்துக்கு நீ போ. தொட்டியில எப்படி இறக்குறான்னு நல்லாப் பாரு. நீ எதையும் ஒழுங்காப் பாக்க மாட்ட. இவளையும் கூட்டிக்கிட்டுப் போ."

"அம்மா, அது சாமி படமா, இல்லையா?" என்றார் அவர், அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"கயித்துப் படம்" என்றார் அத்தை.

கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து போனது அன்றுதான் முதல் தடவை. சேர்ந்து என்றால், அவர் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இடைவேளையில் முறுக்கு விற்கிறவரிடம் சொல்லி எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். மீன் வருகிற இடத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அது அவருடையதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் செருமினேன். திரும்பி வரும்போது, "இது மீன் பிடிக்கிற படம்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். "ஏன் சொல்லல?" என்றேன். "உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. எந்தப் படம் என்றாலும் அத்தை கேட்பது ஒரே கேள்விதான்: "அதுல கயிறு உண்டா?" கப்பல் படங்களுக்கெல்லாம் தாராளமாக அனுமதி. குதிரையில் போய்க்கொண்டே மாட்டுக் கழுத்தில் கயிறு வீசுகிற இங்கிலீஷ் படங்கள் வந்தன, அவற்றுக்கு அத்தையே வந்தார். "சுருக்கு நல்லாத்தான் போடறான்" என்று ஒப்புக்கொண்டார். சர்க்கஸ் படம் ஒன்றை இரண்டு தடவை பார்த்தோம். ஆனால் தமிழ்ப் படம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. டென்ட் கொட்டகைக் காற்றில் கேட்ட பாட்டுகளை யார் வாய் அசைத்துப் பாடுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எப்படிக் கேட்பது?

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. கடைக்கு ஊஞ்சல் கயிறு வாங்க வந்த ஒரு பெண், பார்த்துவிட்டு வந்த படத்தைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு, கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்தபடியே சொன்னேன்.

"அத்தை, ஒரு படம் வந்திருக்காம்."

"என்ன படம்?"

"குடும்பப் படமுங்க."

"கயிறு?"

என் வாழ்க்கையில் நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. காது சூடானது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"ஊஞ்சல் ஆடறாளாம் அத்தை. ஒரு பாட்டு முழுக்க."

அத்தை யோசித்தார். "சங்கிலி ஊஞ்சலா, கயித்து ஊஞ்சலா?"

"கயித்து ஊஞ்சல்தான். மரத்துல கட்டியிருக்காம்."

"அப்பச் சரி. முடிச்சு எப்படிப் போட்டிருக்கான்னு பாத்துட்டு வா."

போனேன், பார்த்தேன். அழகான பாட்டு, அழகான பெண். கிளை மேல் முடிச்சு தெரிந்தது. அரை முடிச்சு. பாட்டு முழுவதும் அவள் எப்போது விழப்போகிறாளோ என்று பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன்.

"முடிச்சு சரியில்லங்க அத்தை. அரை முடிச்சு போட்டு ஆட விட்டுட்டான்."

"அடக் கடவுளே! அந்தப் பொண்ணு?"

"விழலைங்க. பாட்டு முடிஞ்சிடுச்சு."

அத்தைக்கு மனம் ஆறவில்லை. கல்லாவுக்குப் போனார், திரும்பி வந்தார். "நீ சரியாப் பாத்திருக்க மாட்ட. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்" என்றார். எதிர்வீட்டைப் பார்த்து, "மாமி, நாளைக்கு மூணு மணி ஆட்டத்துக்கு வரீங்களா?" என்று கூப்பிட்டார்.

மாமி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "பெருமாள் வரறாரா?"

"இல்ல மாமி. ஊஞ்சல் மட்டுந்தான்."

"அப்போ மாலை வேண்டாமோல்லியோ?"

அத்தை என்னைப் பார்த்தார்.

"வேண்டாங்க மாமி" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.